செவுள் புழு: மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்

கொளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 11 சிமெண்ட் தொட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரண்டா, பிளாக் மூர் என்கிற தங்கமீன் வகைகள். கடைசி இரண்டில் கோய் என்கிற வண்ணக் கெண்டைக் குஞ்சு. 19 வருடமாக இதுதான் பிழைப்பு. அதில் முதல் 13 வருடம் செவுளில் புழு வரும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் எத்தனை மீனைத் தூக்கிப் போட்டிருப்பேனோ, அதற்குக் கணக்கு இல்லை. தெரிந்துகொண்ட வாரத்தில் போனதற்கு மட்டும் கணக்கு இருக்கிறது: மூன்றாம் தொட்டியில் 340 ஒரண்டாக் குஞ்சு, ஒன்றரை அங்குல சைஸ், இன்னும் பத்து நாளில் பார்ட்டி வந்து எடுக்க வேண்டியது.

அந்த மார்ச் மாதம் நான் செய்த தப்பை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகள் எல்லாம் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைச் சுற்றி முகம் வைத்து நின்றன. வெயில் ஏறிவிட்டது, காற்று போதவில்லை என்று இன்னொரு ஏர் ஸ்டோன் போட்டேன். மறுநாள் சுவரில் உடம்பை உரச ஆரம்பித்தன. கடையில் கேட்டேன். மீனைப் பார்க்காமலே ‘வெள்ளைப்புள்ளிதான் அக்கா, ஆரம்பத்துல தெரியாது’ என்று ஒரு நீல மருந்தைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். மூன்றாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றி வேறொரு மருந்து. நாலாம் நாள் காலை செவுள் மூடி விரிந்தபடி மிதந்தன. ஐந்தாம் நாள் என் நாத்தனார் மகளின் தோழி, மீன்வளம் படித்த பெண், வீட்டுக்கு வந்தாள். சாகக் கிடந்த ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு போய் மாலையில் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். சீப்புப் பல் மாதிரியான செவுள் இழைகளுக்கு நடுவே ஏதோ நீண்டு நீண்டு சுருங்கியது. ‘ஆன்ட்டி, ஒரு இழைக்கே ஏழெட்டு இருக்கு’ என்றாள்.

மீன் மூச்சுக்குத் திணறினால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். எதையும் ஊற்றும் முன் பாருங்கள். அப்படிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன், மருந்துக் கணக்கு அதற்குப் பின்னால் வரும்.

எது இந்தப் புழு

தட்டைப்புழு வகை. மீனின் செவுளில் ஒட்டி வாழ்வதில் நமக்கு அதிகம் தொல்லை கொடுப்பது டாக்டைலோகைரஸ். வால் பக்கம் கொக்கிகள் இருக்கும். அதைச் செவுளில் மாட்டிக்கொண்டு தலையை நீட்டிச் சளியையும் மேல்தோலையும் மேயும். ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்தான் நீளம் இருக்கும் என்பதால் வெறும் கண்ணுக்குச் சிக்காது. அதன் உறவுக்காரன் கைரோடாக்டைலஸ். அது பெரும்பாலும் தோலிலும் துடுப்பிலும் இருக்கும், சமயத்தில் செவுளுக்கும் வரும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்தான் வைத்தியத்தையே மாற்றுகிறது. டாக்டைலோகைரஸ் முட்டை போடும். கைரோடாக்டைலஸ் குட்டி போடும். அந்தக் குட்டி வெளியே வரும் முன்பே அதன் வயிற்றில் அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். சீர்வரிசையில் வைக்கிற எவர்சில்வர் அடுக்கு மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று. குட்டி போடுவதை ஒரு தடவை ஒழுங்காகக் கொன்றால் கதை முடிந்தது. முட்டை போடுவதை அப்படி முடிக்க முடியாது. முட்டைக்குள் எந்த மருந்தும் சரியாக இறங்காது.

நத்தை, புழுத் தீவனம், கொக்கு என்று நடுவில் ஆள் யாரும் இதற்குத் தேவையில்லை. முட்டை தண்ணீரில் விழும், பொரியும், மயிர் போன்ற இழைகளை அசைத்து நீந்தும் குஞ்சுப்புழு சில மணி நேரத்தில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துவிடும். காவிரியிலோ ஏரியிலோ அதற்கு மீன் கிடைப்பது அதிர்ஷ்டம். 1,100 லிட்டர் தொட்டியில் 340 குஞ்சு விட்டு வைத்தால் திரும்பிய பக்கமெல்லாம் செவுள்தான். ‘ட்யூபிஃபெக்ஸ் புழு போட்டதால வந்துச்சு’ என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அந்தப் புழுவால் வேறு கெடுதல் உண்டு, இது இல்லை.

அடிக்கடி கேட்கிறார்கள்: மனுஷனுக்கு வருமா? வராது. தொட்டியில் கை விட்டாலும் வராது, மீனைச் சமைத்துச் சாப்பிட்டாலும் வராது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

உரசுவது, ஒரு பக்கச் செவுள் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுவது, தண்ணீர் விழும் இடத்தில் போய் நிற்பது, கொட்டாவி விடுவது போல வாயைத் திறப்பது, தீவனம் போட்டால் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவது. இவ்வளவும் செவுள் புழுவின் அடையாளம்தான். அம்மோனியா ஏறினாலும் இதே அடையாளம்தான். அதனால் சோதனைச் சொட்டு மருந்து வாங்கி அம்மோனியாவைப் பாருங்கள். இருந்தால் தண்ணீர் மாற்றி, ஒரு நாள் பட்டினி போட்டு, பிறகு பேசலாம்.

அடுத்து நேரத்தைக் கவனியுங்கள். பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்துவிட்டு, ஒன்பது மணி வெயிலுக்குச் சரியாகிவிட்டால் அது ஆக்சிஜன் குறைவு. பாசி ராத்திரியில் ஆக்சிஜனைத் தின்றுவிடும், பகலில் திருப்பிக் கொடுக்கும். நண்பகலிலும் திணறினால் செவுளில் கோளாறு. நான் செய்வது: ஒரு மீனை மட்டும் கவனித்து ஒரு நிமிடத்துக்குச் செவுள் மூடி எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணுவேன். பக்கத்துத் தொட்டியில் அதே சைஸ் மீனை எண்ணுவேன். தண்ணீர் ஒன்று, வெயில் ஒன்று, எண்ணிக்கை மட்டும் வேறாக இருந்தால் அந்தத் தொட்டியின் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட தொட்டியிலிருந்து மீன் வெளியே போகாது, வலை வெளியே போகாது, கை கழுவாமல் நானும் போகமாட்டேன்.

வெள்ளைப்புள்ளி என்றால் ரவை தூவினது போல உடம்பிலும் துடுப்பிலும் கண்ணுக்கே தெரியும். செவுள் புழுவில் உடம்பு பளிச்சென்று இருக்கும். மீன் அழகாக இருக்கும்போதே செத்துப்போகும், அதுதான் ஏமாற்றுகிறது.

மைக்ராஸ்கோப்

பாரிமுனைப் பக்கம் பழைய ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் 2,800 ரூபாய்க்கு என் பையன் வாங்கி வந்தான். கல்லூரி கழித்துப் போட்டது. ஒரு பக்கத் திருகு இறுகிக் கிடக்கிறது, பரவாயில்லை. கண் வைக்கும் லென்ஸ் 10, கீழ் லென்ஸ் 4, இன்னொன்று 10. அதாவது 40 மடங்கும் 100 மடங்கும். இதற்கு மேல் தேவையே இல்லை. ஒரு தொட்டி மீனின் விலையை விடக் குறைவான இந்தச் சாமானை வாங்காமல் மருந்துக்கே வருடத்துக்குப் பத்தாயிரம் செலவழிக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கண்ணாடித் தகடு, அதன் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான மூடு வில்லை, கூர்மையான சின்னக் கத்தரி, ஒரு சொட்டுக் குப்பி, ஈரத் துண்டு. குப்பியில் அதே தொட்டித் தண்ணீரை எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் புழு சுருண்டு செத்துவிடும், அசைவு தெரியாது. அசைவுதான் நமக்கு வேண்டியது.

எந்த மீனை எடுப்பது? செத்து மிதப்பதை எடுக்காதீர்கள். மீன் செத்ததும் புழுவும் விட்டுப் போய்விடும் அல்லது செத்துக் கரைந்துவிடும். அதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டினவள் நான். உயிரோடு இருப்பதில் மிகவும் திணறுவதை எடுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே உள்ள குஞ்சு என்றால், பிழைக்காது என்று தெரிகிற ஒன்றைப் பலி கொடுத்துப் பார்ப்பதுதான் நேர்மை. ஒன்று போனாலும் 300 தெரியும்.

பெரிய மீனைக் கொல்ல வேண்டாம். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு இரண்டு துளி கிராம்பு எண்ணெய். நேரே விட்டால் மேலே படலமாக மிதக்கும், ஒரு சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி ஊற்றுங்கள். மீன் சாய்ந்து படுத்ததும், செவுள் மூடி இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே, ஈரத் துண்டில் எடுங்கள். ஈரக்கையால் மூடியை மெல்லத் தூக்கினால் உள்ளே சிவப்பு வளைவுகள் தெரியும், பக்கத்துக்கு நாலு. அதன் ஓரத்துத் தொங்கல் போன்ற இழை நுனியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஒரு சின்ன வெட்டு. ஒரு துளி இரத்தம் வரும், நின்றுவிடும். மீனைச் சுத்தமான தண்ணீரில் ஏர் ஸ்டோன் பக்கத்தில் விடுங்கள். முதல் தடவை கை நடுங்கியது. ‘நீ என்ன டாக்டரா?’ என்று வீட்டுக்காரர் சிரித்தார். இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து கவரில் மீன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

வெட்டிய துண்டைத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மூடு வில்லையை மேலே சாய்த்து இறக்குங்கள். இன்னொரு தகட்டில், மூடு வில்லையின் ஓரத்தால் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாக லேசாக வழித்த சளி. முதலில் 40 மடங்கில் மெதுவாகத் தேடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். கண்ணாடி போன்ற புழு, வெளிச்சம் அதிகமானால் காணாமல் போகும்.

நல்ல செவுள் சிவப்புச் சீப்பு மாதிரி, ஒவ்வொரு பல்லிலும் இன்னும் மெல்லிய பற்கள் தெளிவாகத் தெரியும். புழு பிடித்த செவுளில் அந்த மெல்லிய பற்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, முனை தடித்துக் கிடக்கும். அந்த ஓரங்களில் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் வெளுப்பாக ஒன்று நீளும், தடவும், சட்டென்று பாதியாகச் சுருங்கும், மறுபடி நீளும். அட்டை போலவே, ஆனால் ஒரு முனை இடத்தை விட்டு நகராது. 100 மடங்குக்கு மாற்றுங்கள். தலைப் பக்கம் நாலு கறுப்புப் புள்ளி, மிளகுத்தூள் வைத்தது போல. அது கண். அதே தலைப் பக்கம் நாலு விரல் மாதிரி பிரிந்த முனை. அசையாத முனையில் மீன் தூண்டில் போல ஒரு ஜோடிக் கொக்கி. நாலு புள்ளி இருந்தால் அது டாக்டைலோகைரஸ், முட்டை போடுகிறவன். பக்கத்திலேயே பழுப்பாக, ஒரு முனையில் சின்னக் காம்பு வைத்த முட்டைகூடச் சில சமயம் கிடக்கும்.

கண் புள்ளி இல்லை, தலை இரண்டாக மட்டும் பிரிந்திருக்கிறது, வயிற்றுக்குள் இன்னொரு ஜோடிக் கொக்கி தெரிகிறது என்றால் அது கைரோடாக்டைலஸ். வயிற்றில் தெரிவது குட்டியின் கொக்கி. முதல் தடவை அதைப் பார்த்தபோது பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

உருண்டு உருண்டு சுற்றும் வட்டத் தட்டுகள் தெரிந்தால் அது டிரைக்கோடினா, வேறு ஜாதி, கீழே நான் சொல்லும் முதல் மருந்து அதற்குக் கேட்காது.

ஒன்றிரண்டு புழு இருந்தால்? நல்ல சைஸ் மீன், சுறுசுறுப்பாகச் சாப்பிடுகிறது, ஒரு துண்டில் ஒன்று இரண்டு என்றால் நான் மருந்து போடுவதில்லை. கூட்டத்தைக் குறைத்து, அடிக்கசடை உறிஞ்சி, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன். குஞ்சில் ஒன்று தெரிந்தாலே போடுவேன். டாக்டைலோகைரஸ் வாஸ்டேட்டர் என்ற இனம் ஐரோப்பாவில் கெண்டைக் குஞ்சுக் குளங்களையே காலி செய்ததற்குப் பேர் போனது, தங்கமீனிலும் வரும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற குஞ்சுக்குச் செவுள் பரப்பு கொஞ்சம்தான், அது வீங்கினால் மிச்சம் வைக்க ஒன்றுமில்லை.

தண்ணீர் அளவு

இதில் தப்பினால் மற்றதெல்லாம் வீண். ‘ஆயிரம் லிட்டர் தொட்டி’ என்று வாயில் வருவதை நம்பாதீர்கள். டேப் எடுத்து அளந்து பாருங்கள். என் மூன்றாம் தொட்டி உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் ஒண்ணேகால் அடி. 8 × 4 × 1.25 = 40 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 1,132 லிட்டர். சுவர் உயரத்தை எடுக்காதீர்கள், தண்ணீர் உயரத்தை எடுங்கள். ஒரு பி.பி.எம். என்றால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான். கிராம் கணக்கைத் தேக்கரண்டியில் அளக்கக் கூடாது. நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது.

மருந்து

எனக்கு முதல் மருந்து பிராசிகுவான்டல். மனிதர்களுக்கும் நாய்க்கும் கொடுக்கிற பூச்சி மருந்துதான், 1970-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. தட்டைப்புழுவைத் தாக்கும், மீனுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அவ்வளவாகத் தொல்லை தராது. லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை போடுகிறார்கள். நான் 2.5-இல் நிற்கிறேன். 1,132 லிட்டருக்கு 2.83 கிராம். தூய தூளாக வாங்குங்கள். நாய் மாத்திரையை இடித்துப் போடும் வழக்கம் இங்கே உண்டு. ஒரு மாத்திரையில் 50 மில்லிகிராம்தான் இருக்கும், என் தொட்டிக்கு 56 மாத்திரைக்கு மேல் வேண்டும், கூடவே நமக்கு வேண்டாத வேறு பூச்சி மருந்தும் 56 மாத்திரை அளவு இறங்கும்.

இது தண்ணீரில் லேசில் கரையாது. தூளை மேலே தூவினால் மாவு மாதிரி மிதந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு போட்டு ஐந்து நிமிடம் கை வலிக்கக் குலுக்கி, தொட்டி முழுக்கச் சுற்றி ஊற்றுங்கள். அடியில் தங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் யு.வி. விளக்கு இருந்தால் அணையுங்கள்.

முந்தின நாள் தீவனம் நிறுத்தி, அடிக்கசடை உறிஞ்சி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றியிருக்க வேண்டும். முட்டைகள் பெரும்பாலும் அடியில்தான் கிடக்கும். அந்தக் கசடை வாளியில் பிடித்து வெயிலில் கொட்டுங்கள், அடுத்த தொட்டி ஓரத்தில் கொட்டாதீர்கள்.

பிராசி கிடைக்காத நாளில் ஃபார்மலின். கடையில் வருகிற 37 சதவீதத் திரவம், ஆயிரம் லிட்டருக்கு 25 மி.லி. என் தொட்டிக்கு 28 மி.லி. வாளியில் கலக்கி ஊற்றி, மறுநாள் காலை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். இதைச் செய்யும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 பி.பி.எம். ஃபார்மலின் ஒன்றரை நாளுக்குள் தண்ணீரிலிருந்து 1 பி.பி.எம். ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். 25 போட்டால் 5 போகும். 30 டிகிரித் தண்ணீரில் நிறைய இருந்தாலே ஏழரை பி.பி.எம்.தான் இருக்கும். மிச்சம் இரண்டரை, அதுவும் வீங்கின செவுளோடு. கோடையில் ஃபார்மலின் ஊற்றிவிட்டு ‘மருந்து ஒத்துக்கல’ என்பவர்கள் பல பேர் உண்மையில் மீனை மூச்சடைத்துக் கொன்றவர்கள். ஏர் ஸ்டோன் இரண்டு மடங்கு, விடிகாலையில் ஊற்றுவது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைப்பது, இது மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். பாட்டில் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தால் அந்த பாட்டிலையே உபயோகிக்கக் கூடாது, அந்த வெள்ளை மீனுக்குக் கடும் விஷம். கையுறை போடுங்கள், காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. 2018-இல் சென்னை மார்க்கெட்டில் மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் போடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்த பிறகு என் பாட்டிலைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம். தண்ணீர் நாலு மணி நேரமாவது ரோஸ் நிறத்தில் நிற்க வேண்டும். அரை மணியில் டீ நிறமானால் அழுக்கையே தின்றுவிட்டது, புழுவை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஃபார்மலினோடு ஒருநாளும் சேர்க்காதீர்கள், இரண்டும் கடுமையாக வினைபுரியும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

நாலைந்து பெரிய மீனுக்கு மட்டும் என்றால் உப்பு முக்கு. அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 30 கிராம், பத்து லிட்டர் வாளிக்கு 300 கிராம். மீனை விட்டு அங்கிருந்து நகராதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்த நொடி எடுத்துவிடுங்கள். அரை நிமிடத்தில் சாயும் மீனும் உண்டு, பத்து நிமிடம் தாங்குவதும் உண்டு, பத்துக்கு மேல் யாருக்கும் வேண்டாம். தோலில் இருக்கும் கைரோவுக்கு இது நன்றாகக் கேட்கும். செவுளுக்குள் ஒளிந்திருப்பது குறையும், தீராது.

இரண்டாம் தடவை

340 போனதற்கு அடுத்த மாதமே ஆறாம் தொட்டியிலும் வந்தது. இந்த முறை பிராசி போட்டேன், நாலாம் நாள் மீன் குதித்து விளையாடியது, வட்டத்தை அழித்தேன். இரண்டு வாரத்தில் பழையபடி உரசல். மருந்து போலி என்று நினைத்தேன். மருந்து நல்ல மருந்துதான். அடியில் கிடந்த முட்டை பொரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முட்டை எத்தனை நாளில் பொரியும், பொரிந்தது எத்தனை நாளில் முட்டை போடும் என்பது தண்ணீரின் சூடு சொல்வது. 22, 24 டிகிரியில் ஒரு தலைமுறை சில நாட்களிலேயே முடிந்துவிடும். பனி உறைகிற அளவு குளிர்ந்த நீரில் அதுவே ஐந்தாறு மாதம் இழுக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதின கால அட்டவணையைப் பார்த்து நாலு வாரம் கழித்து இரண்டாம் மருந்து போட்டால் சென்னையில் அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கும். நாம் பிடிக்க வேண்டிய இடைவெளி இது: கிடந்த முட்டை எல்லாம் பொரிந்திருக்க வேண்டும், பொரிந்தது எதுவும் இன்னும் முட்டை போட்டிருக்கக் கூடாது.

என் தொட்டிகளில், தண்ணீர் 28 முதல் 30 டிகிரி இருக்கும் மாதங்களில், முதல் மருந்து போட்டு ஐந்து நாள் தண்ணீர் மாற்றாமல் விடுகிறேன். ஆவியானதை மட்டும் ஊற்றி நிரப்புவேன். ஆறாம் நாள் அடியை உறிஞ்சி, பாதித் தண்ணீர் மாற்றி, முழு அளவு இரண்டாம் மருந்து. அதேபோல் பன்னிரண்டாம் நாள் மூன்றாவது. மார்கழி, தை மாதத்தில் தெர்மாமீட்டர் 24-க்கு இறங்கினால் இடைவெளியை எட்டு ஒன்பது நாளாக்குகிறேன். ஃபார்மலின் என்றால் மருந்து தண்ணீரில் நிற்காது, அதனால் நாலு நாளைக்கு ஒரு தடவை, மூன்று முறை. கைரோ மட்டும்தான் என்று கண்ணால் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் ஒரே தடவை, அதன்பின் ஒரு வாரத்தில் சளியை வழித்துப் பார்ப்பது போதும்.

புழு செத்தாலும் செவுள் அன்றே சரியாகாது. தடித்த இழை மெலிய வாரக்கணக்காகும். அதுவரை தீவனத்தைப் பாதியாக்கி, காற்றை அப்படியே வைத்திருங்கள். ‘பசியா இருக்கே’ என்று அள்ளிப் போட்டால் அம்மோனியா ஏறி, பிழைத்ததும் போகும்.

வராமல் பார்த்துக்கொள்வது

புதிதாக வாங்கும் தாய் மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து, வந்த மூன்றாம் நாள் ஒரு பிராசி, பத்தாம் நாள் இன்னொன்று. தொட்டிக்கு ஒரு வலை. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வலையை வெயிலில் மொடமொடவென்று காயப் போட்டுத்தான் அடுத்த தொட்டியில் விட வேண்டும். காய்ந்தால் புழு சாகும், ஈரவலைதான் ஆபத்து. எந்த மீனிலிருந்து எதற்குப் பரவும் என்றும் கேட்பார்கள். டாக்டைலோகைரஸ் இனங்கள் பெரும்பாலும் தன் மீனை விட்டு வேறு ஜாதிக்குப் போகாது. தங்கமீன் புழு கப்பிக்கு வராது. கப்பிக்கு அதற்கென்றே கைரோ இருக்கிறது. ஆனால் தங்கமீனும் கோயும் ஒரே குடும்பம், வாஸ்டேட்டர் இரண்டிலும் உட்காரும். அதனால்தான் என் கோய்த் தொட்டிகள் கடைசியில், தனி வாளி தனி வலையோடு இருக்கின்றன.

இது ஏதோ தொட்டிக்காரர் தலைவலி என்று நினைக்காதீர்கள். கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற இனம் 1970-களில் ஸ்வீடன் பக்கத்துப் பண்ணை மீனோடு நார்வேக்குப் போய், அங்கே ஆற்றுச் சால்மனைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆற்றையே ரோட்டினோன் விட்டு மீன் இல்லாமல் ஆக்கிப் புதிதாகத் தொடங்க வேண்டிவந்தது. ஒரு லோடு மீன், பார்க்காமல் இறக்கினது.

குளத்தில் கெண்டை வளர்ப்பவர்களும் கேட்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் என் சித்தப்பா மகனுக்கு ஒரு ஏக்கர் குளம். கட்லா மேலே வந்து திணறுகிறது, என்ன ஊற்றலாம் என்றான். கட்லாவின் பேரையே தாங்கிய செவுள் புழு உண்டு, டாக்டைலோகைரஸ் கட்லாயஸ். ஆனால் நாலடித் தண்ணீருள்ள ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர், 25 பி.பி.எம். ஃபார்மலின் என்றால் 120 லிட்டருக்கு மேல். அதைக் குளத்தில் ஊற்றுவது பைத்தியக்காரத்தனம். சாப்பிடுகிற மீனில் வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். வயல் பூச்சிமருந்தை ஊற்றும் பழக்கம் அதைவிட மோசம். பாதி மீனைப் பிடித்து விற்று நெரிசலைக் குறைக்கச் சொன்னேன், உயிர் மீன் இரண்டைப் பையில் ஆக்சிஜன் போட்டு மீன்வளத் துறை ஆளிடம் காட்டச் சொன்னேன். கேட்டானா என்பது வேறு கதை.

கடைசி மருந்து போட்டு ஒரு வாரம் கழித்து ஒரு மீனின் செவுளைப் பார்க்கிறேன். சுத்தமாக இருந்தால் அடுத்த வாரம் வேறு இரண்டு மீன். அதிலும் நாலு கறுப்புப் புள்ளி தட்டுப்படவில்லை என்றால்தான் ஈரத்துணி எடுத்துச் சுவரில் இருக்கிற சாக்பீஸ் வட்டத்தைத் துடைக்கிறேன்.